பிடி விடாதவர்

அழிக்கும் கட்டளையைத் தட்டி முடித்ததும் அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். பார்ப்பவர்களுக்குக் குளிர் போலத் தோன்றும். குளிர் அல்ல, தன் கைகள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. திரையில் நிற்கும் வரியை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். பிறகு கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தைவரை பின்னோக்கிப் படிப்பார். புள்ளி, கோடு, இடைவெளி எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதாக மனம் ஒப்பினால், வலது கையை மட்டும் மெல்ல உருவி, இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பவரைப்போல என்ட்டர் விசையைத் தொட்டுவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

“தட்டுறதுக்கு ஒரு விரல் போதும். திருப்பி எடுக்க மறுபடி பொறந்து வரணும்” என்பார்.

பேச்சு மருத்துவ நிலையம் ஒன்றில் அவர் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார். சர்வர் இருக்கும் அறை முன்பு துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறையாக இருந்தது. சாமான்களை இன்னும் காலி செய்யவில்லை. ஒரு பக்கம் பச்சை விளக்குகள் கண்சிமிட்ட, மறுபக்கம் வாளியும் துடைப்பங்களும் சாத்தியிருக்க, நடுவே அவர் நாற்காலி. வேலையில் பாதி, வட்டுகளில் சேரும் குப்பையைக் கூட்டுவது. அதனால் சேர்ந்த முதல் வாரமே, “என்னைத் துடைப்பம்னே கூப்பிடுங்க” என்று தானே அறிவித்துவிட்டார். எப்படியும் யாராவது வைக்கப்போகும் பெயர்தானே, நாமே வைத்துவிட்டால் அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்பது கணக்கு. ஆனால் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. “அண்ணா” என்றே கூப்பிட்டார்கள். அதிலும் ஏதோ உள்குத்து இருக்குமோ என்று கொஞ்ச நாள் யோசித்தார்.

பிழைக்க வந்த நாட்டில் அவர் காலூன்றிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஊன்றிய காலை இன்னும் நம்பவில்லை. தபால் பெட்டியில் நீள உறை விழுந்தால், பிரிக்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் எப்போதும் இருக்கும். அதில் பிறப்புச் சான்றிதழ் முதல் சலவை இயந்திர உத்தரவாதம்வரை குடும்பத்தின் எல்லாத் தாள்களும் படமாக இருக்கும். இரண்டு மொழி படித்தவர். கோபம் ஒரு மொழியில் வரும், மன்னிப்பு இன்னொரு மொழியில் வரும். இரண்டாவதில்தான் சரளம் அதிகம். “உங்க பயத்துக்குன்னு தனியா ஒரு ரூம் வாடகைக்கு எடுக்கணுங்க. அதுவே முக்காவாசி இடத்த அடைச்சுக்குது” என்பது அவர் மனைவியின் கருத்து.

ஓட்டுநர் உரிமம் மட்டும் அந்த பென் டிரைவில் கிடையாது. தேர்வில் தோற்றுக்கொண்டே இருந்தார். கடைசித் தடவை பச்சை விளக்கு எரிந்தும் வண்டியை எடுக்கவில்லை. “பச்சைதான், போங்க” என்று தேர்வாளர் சொல்ல, “பச்சைதான் சார். நிலைக்குமான்னு பாக்குறேன்” என்றார். அது நிலைக்கவில்லை. தேர்வாளர் கதவைத் திறந்து இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போய்ச் சேர்ந்தார்.

இந்த மனிதர் அந்த நிலையத்தில் பெயர் சொல்லும்படி ஒரு காரியம் செய்தது, ஒரு மதிய வேளையில். முதலில் கெடுத்தார், பிறகு மீட்டார். இரண்டையும் ஒரே மனிதர் செய்ததால் பாராட்டுவதா ஏசுவதா என்று இன்றுவரை யாருக்கும் தெளிவில்லை.

அன்று ஒலிப்பதிவு அறையில் ஓர் அம்மாள் இருந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியை. பாதி நகரத்துக்கு கிளட்சும் பிரேக்கும் சொல்லிக்கொடுத்த குரல் அவருடையது. மறுநாள் காலை அவருக்குக் குரல்வளையை எடுக்கும் அறுவை. அதன் பிறகு சொந்தக் குரலில் பேச்சு கிடையாது. அதற்கு முன், தாளில் உள்ள வாக்கியங்களை அவர் படிக்கப் படிக்கப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், அந்தப் பதிவிலிருந்து கற்று ஒரு சிறு கருவி அவர் குரலிலேயே பேசும். காலையிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கரகரத்துப்போன தொண்டை. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை வெந்நீர்.

“‘என் தங்கையின் குடை நீல நிறம்.’ இத நான் எதுக்கும்மா சொல்லணும்? என் தங்கச்சி குடையே பிடிக்க மாட்டா” என்று நடுவில் சண்டை பிடித்தார்.

“எல்லா ஒலியும் வரணும்னு அப்படி எழுதியிருக்காங்கம்மா” என்றாள் பேச்சுப் பயிற்சியாளர். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாத பெண்.

துடைப்ப அறையில் அதே நேரம் எச்சரிக்கை வந்தது: பதிவுகள் சேரும் வட்டு நிரம்பப்போகிறது. புது வட்டு வாங்கித் தரட்டுமா என்று தலைமை மருத்துவர் முன்பே கேட்டிருந்தார். “இருக்கிறத வெச்சே சமாளிச்சிடலாம் டாக்டர்” என்று சொன்னவர் நம்மவர்தான். சிக்கனமானவன் என்று பெயர் எடுக்க ஆசை.

சமாளிக்க இறங்கினார். பதிவு நிரல் ஒரு பதிவு ஓடும்போது அதை வட்டிலேயே ஒரு தற்காலிக அறையில், வாயில் நுழையாத எழுத்துகளைக் கொண்ட பெயரில் எழுதிக்கொண்டு போகும். பதிவை நிறுத்தினால்தான் நோயாளியின் பெயரைச் சூட்டி உரிய இடத்துக்கு நகர்த்தும். பாதியில் கைவிட்ட பதிவுகளின் மிச்சமும் அங்கேயே கிடக்கும். அந்தக் குப்பையை அள்ளுவது அவர் வழக்கம். அன்றைய அட்டவணைப்படி காலைப் பதிவு மதியத்துக்குமுன் முடிந்திருக்க வேண்டும். வெந்நீருக்கும் குடைச் சண்டைக்கும் அட்டவணையில் இடம் இல்லை. தற்காலிக அறையில் கொழுத்த கோப்பு ஒன்று கிடந்தது. கட்டளையைத் தட்டினார். கைகள் தொடைக்கு அடியில். முன்னோக்கிப் படித்தார், பின்னோக்கிப் படித்தார். ஓர் எழுத்துப் பிழை இல்லை. என்ட்டர்.

கோப்பு போய்விட்டது. ஆனால் வட்டில் இடம் வரவில்லை.

“கூட்டியாச்சு, குப்பையக் காணோம், ஆனா வீடு அப்படியே அடைஞ்சு கெடக்கே” என்று முணுமுணுத்தார். மறுபடி பார்த்தார். அதே அளவு. மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் விஷயம் உறைத்தது.

அவர் பார்த்துக்கொள்ளும் சர்வர் யூனிக்ஸ் வழி வந்தது. அந்த வழியில் பெயர் வேறு, பொருள் வேறு. அழிப்பது என்று நாம் சொல்வது, வாசலில் உள்ள பெயர்ப்பலகையைக் கழற்றுவதுதான். பலகையைக் கழற்றியதால் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இலையை விட்டு எழுந்து போய்விடுவதில்லை. எந்த நிரலாவது அந்தக் கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும்வரை கோப்பு உயிரோடு இருக்கும், வளரவும் செய்யும். தெருவில் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். பிடித்திருப்பவர் பிடியை விட்டு வெளியே வந்த கணம், வீடும் இல்லை, சுவரும் இல்லை. இடம் அடுத்தவருக்கு.

ஆகவே இடம் வரவில்லை என்றால் யாரோ பிடித்திருக்கிறார்கள். யார் என்று சர்வரைக் கேட்டார். பதிவு நிரல் என்றது. அது பிடித்திருக்கும் கோப்புகளில் நான்காம் எண்ணுக்கு எதிரே ‘அழிக்கப்பட்டது’ என்ற சொல். பெயர் போய் எண் மட்டும் எஞ்சியிருந்தது. அவரையும் குடியுரிமை அலுவலகத்தில் எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அதை நினைத்துப் பார்க்க அப்போது அவருக்கு நேரம் இல்லை. வாளியில் இடறி, துடைப்பங்களைச் சரித்துவிட்டு, மடிக்கணினியோடு தாழ்வாரத்தில் ஓடினார்.

சிவப்பு விளக்கு எரியும்போது திறக்கக் கூடாத கதவை அவர் திறந்தார். ஆசிரியை தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். “போதும்மா, இன்னிக்கு உங்க தொண்டைக்கு லீவு” என்றபடி பேச்சுப் பயிற்சியாளர் நிறுத்தும் பொத்தானுக்குச் சுட்டியைக் கொண்டுபோயிருந்தாள்.

“கைய எடும்மா.”

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

“என்னண்ணா?”

“அழிச்சிட்டேன்.”

“எத?”

“இத.”

“இது ஓடிட்டிருக்கேண்ணா.”

“ஓடுறதாலதான் இருக்கு. நிறுத்தினா போயிடும். காலையில இருந்து படிச்சது மொத்தமும்.”

பேச்சுப் பயிற்சியாளர் சுட்டியிலிருந்து கையை எடுத்து, அது கடித்துவிடும் என்பதுபோல முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். “அப்ப இப்படியே ஓடட்டும். யாரும் தொட வேண்டாம்.”

“அப்படி விட முடியாது. ஒரு நிமிஷம் சத்தம் இல்லன்னா தானா நின்னுடும்.”

“அப்படி வெச்ச மடையன் யாரு?” என்று மைக்குக்கு முன்னால் இருந்தபடியே கேட்டார் ஆசிரியை.

“நான்தாம்மா. இடம் மிச்சம் பிடிக்க.”

ஆசிரியை அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்து, “பேசு பொண்ணே. எதையாவது பேசு. இவன் போய் ஆக வேண்டியதப் பாக்கட்டும்” என்றார்.

பேச்சுக் கற்றுக்கொடுப்பதே தொழிலான அந்தப் பெண்ணுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பேச்சும் வரவில்லை. வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள்.

அவர் துடைப்ப அறைக்குத் திரும்பி ஓடினார். வழி அவருக்குத் தெரியும். பெயர் போனாலும், பிடித்திருக்கும் நிரலின் வழியாக, நான்காம் எண்ணைச் சொல்லிக் கேட்டால் சர்வர் அந்தக் கோப்பைக் காட்டும். அங்கிருந்தே நகல் எடுத்துவிடலாம். எடுத்து எங்கே வைப்பது? நிரம்பிய வட்டில் வைக்க முடியாது. சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினார். அதிலும் இடம் போதவில்லை. பிறப்பு, படிப்பு, திருமணம், குடியிருப்பு அனுமதி, சலவை இயந்திரம் எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. ஒரே கட்டளையில் அத்தனையையும் அழித்தார். கைகள் விசைப்பலகையின் மேலேயே இருந்தன. படித்தும் பார்க்கவில்லை. அத்தனைக்கும் வீட்டில் வேறு இடங்களில் நகல்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அது அவருக்கு நினைவில்லை என்பதும் உண்மை.

நகல் ஓட ஆரம்பித்தது. சர்வர் பழசு, பென் டிரைவ் அதைவிடப் பழசு. ஒலிப்பதிவு அறைக்கு அவர் திரும்பியபோது, பேச்சுப் பயிற்சியாளர் பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றுகொண்டிருந்தாள்.

“பதினாறேழு...” என்று அவரைப் பார்த்தாள்.

“நூத்திப் பன்னெண்டு” என்றார் ஆசிரியை. “போதும், இத நாளைக்குக் கருவி ஒப்பிச்சா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்க. தம்பி, உக்காரு.”

“நீங்க பேசாதீங்கம்மா. தொண்டை.”

“நாளைக்கு எடுத்துடப் போறாங்க. இன்னிக்கு மிச்சம் பிடிச்சு என்ன பண்ண? நீதான் மிச்சம் பிடிச்சுக் கிழிச்சியே.”

உட்கார்ந்தார். மடிக்கணினியைப் பக்கத்து மேசையில் வைத்தார். கைகள் தாமாகத் தொடைக்கு அடியில் போயின. ஆசிரியை அதைப் பார்த்துவிட்டார்.

“கார் ஓட்டுவியா?”

“லைசென்ஸ் கெடைக்கலம்மா.”

“கைய அங்க வெச்சா எப்படிக் கெடைக்கும்? எடு. ஸ்டியரிங்கப் பிடி.”

“ஸ்டியரிங் எங்கம்மா?”

“என் மூஞ்சிக்கு நேரா. பிடி. இரும்பு மாதிரி பிடிக்காத, அது ஓடிப் போகாது. ம். கிளட்ச மிதி. முழுசா மிதி, எறும்பு இருக்கான்னு பாத்துப் பாத்து மிதிக்காத. முதல் கியர். கண்ணாடியப் பாரு. பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன தெரியுது?”

நேரே சுவர்தான் தெரிந்தது. “பின்னால ஒரு லாரி” என்றார் அவர்.

“நீயா ஒரு லாரியக் கொண்டு வந்துட்டியா? வந்த வரைக்கும் சரி. லாரிக்காரன் உன்னைத் திட்டுறான். திட்டட்டும். மெதுவா கிளட்ச விடு. விடுன்னா விடு!”

கரகரப்பிலிருந்து அந்தக் குரல் எழுந்து வந்தது. காலையிலிருந்து தாளைப் படித்த குரலே அல்ல அது. அவர் காற்றில் வளையத்தைப் பிடித்து வளைத்தார். ஆசிரியை இடது பக்கம் திரும்பச் சொன்னார், ஒரு சைக்கிள்காரரைக் காட்டினார், அவருக்கு வழிவிடாததற்குத் திட்டினார், பள்ளிக்கூட வாசலில் நிறுத்தச் சொன்னார், நிறுத்திய விதத்தைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பு வந்தது. பதிவுத் திரையில் ஒலியலைகள் மேலும் கீழும் துள்ளின.

“பச்சை விழுந்துடுச்சு. ஏன் நிக்கிற?”

“நிலைக்குமான்னு...”

“நிலைக்காது தம்பி. அதான் போகச் சொல்றேன்.”

அவர் போனார். இல்லாத தெருவில், இல்லாத வண்டியில், அத்தனை தூரம் அதற்குமுன் அவர் ஓட்டியதில்லை.

நகல் முடிந்தது என்று மடிக்கணினி சொன்னது. அவர் ஒரு காதில் இயர்போனைச் செருகி, நகலின் தொடக்கத்தைக் கேட்டார். நடுவே ஓர் இடத்தைக் கேட்டார். தங்கையின் குடை நீல நிறமாக இருந்தது. கடைசியைக் கேட்டார். ‘அதான் போகச் சொல்றேன்’ என்றது.

“இருக்கு. இப்ப நிறுத்தலாம்” என்றார்.

பேச்சுப் பயிற்சியாளரின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து வர மறுத்தது. “நீங்களே நிறுத்துங்கண்ணா.” அவராலும் முடியவில்லை. இன்னொரு முறை கேட்டுவிட்டு நிறுத்தலாமே என்றார். ஆசிரியை நாற்காலியை நகர்த்தி எழுந்துவந்து, “வண்டின்னு எடுத்தா நிறுத்தத்தான் வேணும்” என்றபடி பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு விளக்கு அணைந்தது. மடிக்கணினித் திரையில், அழித்த பிறகும் இறங்காமல் நின்ற எண் சட்டென்று இறங்கி, வட்டில் இடம் வந்தது. அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து காலி இடத்தைப் பார்த்து அவர் சந்தோஷப்படாதது அன்று ஒரு நாள்தான்.

தலைமை மருத்துவரிடம் தானே போய்ச் சொன்னார். வேலையும் போய், அதோடு குடியிருப்பு அனுமதியும் போய், பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்பதுவரை தாழ்வாரத்திலேயே மனத்துக்குள் நடந்து முடிந்திருந்தது.

“பதிவு இருக்கா?” என்று கேட்டார் மருத்துவர்.

“இருக்கு டாக்டர்.”

“பின்ன எதுக்கு அழற மாதிரி நிக்கிறீங்க? புது டிஸ்க் வாங்கிக்கோங்க.”

மன்னிப்பு மொழியில் அவர் தயாரித்து வைத்திருந்த உரை வீணாகிப்போனது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுதாகப் பேசிக் காட்டினார். “நல்லாத்தாங்க இருக்கு, அடுத்த தப்புக்கு வெச்சுக்கோங்க” என்றார் அந்த அம்மையார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் மெல்லிய துணி கட்டிக்கொண்டு ஆசிரியை நிலையத்துக்கு வந்து கருவியை வாங்கிப்போனார். கையகலப் பலகை. தட்டினால் பேசும். அடிக்கடி வேண்டிய சொற்களுக்குத் தனித்தனிப் பொத்தான்கள். தாளைப் பார்த்துப் படித்த வாக்கியங்களிலிருந்து கற்ற பேச்சு கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கிறது என்கிறாள் பேச்சுப் பயிற்சியாளர். அதட்டல் மட்டும் அப்படியே வந்துவிட்டதாம். ‘தண்ணீர் வேண்டும்’ என்று தட்டினால்கூட லாரிக்காரனைச் சொல்வதுபோலக் கேட்கிறதாம். மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு ஆசிரியை தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

இப்போது விடுமுறை நாள்களில், கடைகள் திறக்குமுன் ஆளில்லாத கார் நிறுத்தம் ஒன்றில் சிறிய வெள்ளைக் கார் ஒன்று ஊர்வதைப் பார்க்கலாம். வளையத்துக்குப் பின்னால் நம்மவர். பக்கத்தில் மடியில் பலகையோடு ஆசிரியை. “மெதுவா” என்கிறது பலகை. “கண்ணாடியப் பாரு” என்கிறது. இடையிடையே, எந்தப் பொத்தானில் ஒளித்துவைத்திருக்கிறாரோ, “எறும்பு இருக்கான்னு பாக்காத” என்கிறது. சட்டைப் பையில் பென் டிரைவ் இருக்கிறது. அதில் இப்போது குடும்பத் தாள்களோடு, அன்றைய பதிவிலிருந்து கார்ப் பாடத்தை மட்டும் வெட்டியெடுத்த சிறு கோப்பு ஒன்றும் இருக்கிறது. அதன் பெயரை இரண்டு முறை படித்துப் பார்த்துச் சூட்டியிருக்கிறார்.

பாடம் முடிந்தால் அவர் வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைப்பார். “இன்னிக்குப் போதும்” என்று பலகை சொல்லும். ஆசிரியை இறங்கி, சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, கண்ணாடியில் விரலால் தட்டுவார். எஞ்சின் ஓய்ந்து வெகு நேரம் ஆகியிருக்கும். அவருடைய இரண்டு கைகளும் இன்னும் வளையத்தின் மேலேயே இருக்கும்.